நேசமலர் டீச்சர் பாரிசில் பார்க்கக் கூடாத வீடு

கொழும்பில், வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தாலும் நான் கொட்டாஞ்சேனைக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கோபிக்கிற விஷயத்தில் இந்த இரண்டு ஊருக்கும் ஒத்துவராது. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் ரோட்டில் இறங்கிக் கத்துவோம், அப்பன் பாட்டன் வரை இழுப்போம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரே வாங்கில் இருந்து பூசை காண்போம். வெள்ளவத்தையில் கோபம் என்றால் கதையாமல் இருப்பது. சத்தமே கேட்காது. அடுத்த ஃபிளாட்டுக்காரருக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் ஓடிவிடும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஹியூபேட் என்று என் பெயர் போட்ட கடை. போட்டோ கொப்பி, பிரிண்ட், விசா ஃபோம் நிரப்புவது எல்லாம் உண்டு. இரண்டு கட்டடம் தள்ளி மூன்றாம் மாடியில் நேசமலர் டீச்சர் இருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து பென்ஷன் எடுத்தவர். கையில் குடை, கைப்பையில் சிவப்புப் பேனை. நான் அடித்துக் கொடுக்கும் எந்தத் தாளையும் நின்றபடியே வாசித்து, பிழை கண்டால் வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். ஒருமுறை வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன மரண அறிவித்தலை என் மேசையில் கண்டு அதையும் திருத்திவிட்டார். செத்தவரின் வயது பிழையாம். விசாரித்துப் பார்த்தால் உண்மையிலேயே பிழைதான். அதற்குப் பிறகு நான் அவரோடு வாதாடுவதில்லை.

போன வருடம் டீச்சரும் அவருடைய கணவர் சண்முகலிங்கம் ஐயாவும் கனடாவில் இருக்கும் மகள் ஆரணியிடம் போக வெளிக்கிட்டார்கள். ஆரணி எடுத்த டிக்கெட்டில் இடையில் பாரிசில் ஒரு நாள் நிற்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை இறங்கி புதன் காலை ஏறுவது. அந்த ஒரு நாளுக்கும் விசா வேண்டும், அதோடு என்னென்ன பார்க்கப் போகிறோம் என்று ஒரு தாளும் வைக்க வேண்டும் என்று இருவரும் என் கடைக்கு வந்தார்கள்.

"டீச்சர், அங்க உங்களுக்கு சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார் டீச்சர்.

ஐயா இருமினார். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஐயா இருமலை விழுங்கிக்கொண்டார்.

அன்று பின்னேரம், மறந்துபோன குடையை எடுக்கிற சாட்டில் ஐயா தனியாக வந்து முழுக் கதையையும் சொன்னார். பாரிசில் டீச்சரின் ஒரே தங்கை தவமலர் இருக்கிறார். தாய் நேரத்தோடு கண்ணை மூடிவிட, தலை பின்னி, வாய்ப்பாடு பாடமாக்கி வளர்த்தவர் டீச்சர்தான். சில வருடங்களுக்கு முன் தவம், புருசன் பிள்ளைகளோடு கொழும்புக்கு லீவில் வந்தார். வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே டீச்சர் புதுப் படுக்கை விரிப்பு வாங்கினார், பயற்றம் பணியாரம் சுட்டார், அதோடு நிற்காமல் குந்தி இருக்கிற இரண்டு பாத்ரூமில் ஒன்றை உடைத்து, பிரான்சில் பிறந்த பிள்ளைகளுக்கென்று கொமட் ஒன்று பூட்டினார். மேசன் பாஸ் உடைத்த உடைப்பில் இரண்டாம் மாடிக்காரரின் குசினிக்குள் தண்ணீர் சொட்டி அது ஒரு தனிச் சண்டை.

தவம் வரவில்லை. பக்கத்தில் கல்கிசையில் ஹோட்டலில் தங்கி, சிகிரியா ஏறி, காலிக் கோட்டை சுற்றி, யாலையில் யானை பார்த்துவிட்டுப் பிளேன் ஏறிவிட்டார்.

"யானையைப் பாக்க நேரம் இருந்திருக்கு, அக்காவைப் பாக்க நேரம் இல்லை." இதுதான் டீச்சர் கடைசியாகச் சொன்னது. அதன் பிறகு தங்கையோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அந்தக் கொமட்டிலும் ஒரு நாள் இருக்கவில்லை. முழங்கால் நோவோடு நொண்டிக்கொண்டு மற்ற பாத்ரூமுக்குத்தான் போவாராம்.

"நான்தான் பாவிக்கிறன்" என்றார் ஐயா, ஏதோ குற்றம் செய்தவர் போல.

அடுத்த நாள் டீச்சர் வந்து பாரிஸ் திட்டத்தைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மியூசியம், இரும்புக் கோபுரம், ஆற்றில் படகு, மலையில் இருக்கிற வெள்ளைக் கோயில், பெரிய கடைத்தெரு. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: "அங்கை படம் எடுக்க இடம் இருக்கோ?" நடுவில் நான் மெல்ல நோட்ரடாம் தேவாலயத்தையும் செருகிவிட்டேன். என் மனைவி யோசெப்பின், அங்கே போகிறவர் யாரானாலும் தனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லியிருந்தார்.

"இவ்வளவு படம் எதுக்கு டீச்சர்?"

"குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலை போடுறதுக்கு. அவளும் அதிலை இருக்கிறாள்." இந்த முறை ஒளிக்காமல் சொன்னார். "அவளின்ர ஊருக்குப் போய், அவளின்ர வாசலைத் தாண்டி, எல்லாத்தையும் பாத்திட்டு அவளைப் பாக்காமல் வரப்போறன். அப்பதான் அவளுக்கு அந்த நோ விளங்கும்."

உலகத்தில் எத்தனையோ பேர் பாரிசுக்கு எதை எதையோ பார்க்கப் போகிறார்கள். ஒரு வீட்டைப் பார்க்காமல் வருவதற்கென்றே போகிறவரை நான் அன்றுதான் கண்டேன். அந்த வீடும் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் ரயில் பாதைக்குப் பக்கத்திலாம். யன்னல் சீற்று தனக்குத்தான் என்று ஐயாவுக்கு இப்போதே கட்டளை. எனக்கு வாய் துறுதுறுத்தது. மரண அறிவித்தலை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

தாளை ஹோட்டல் பதிவுக்காக ஆரணிக்கு அனுப்பினோம். ஆரணி அதைச் சித்தி தவத்துக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து டீச்சர் முகம் சிவக்க வந்தார்.

"செவ்வாய்க்கிழமை மியூசியம் பூட்டாம்."

"யார் சொன்னது?"

"ஆரோ சொல்லிச்சினம்." குடையால் தரையில் ஒரு குத்து. "மாத்தி அடியுங்கோ."

மாற்றி அடித்தேன். அதுவும் பாரிசுக்குப் போய்த் திரும்பி வந்தது. மலைக் கோயிலுக்கு அக்கா படியில் ஏற வேண்டாம், முழங்கால் தாங்காது, பக்கத்தில் மேலே இழுத்துப் போகும் கம்பி ரயில் இருக்கிறது என்று தகவல்.

"என்ர முழங்காலைப் பற்றி அவளுக்கு என்ன கதை?" என்று டீச்சர் கொதித்தார். கொதித்துக்கொண்டே, "கம்பி ரயில் எண்டு போடுங்கோ" என்றார்.

பிறகு படகின் நேரம் பிழை என்று வந்தது. பிறகு, ஆற்றுக் காற்று காதுக்குள் அடிக்கும், அத்தானுக்கு மஃப்ளர் வேண்டும். கடைத்தெருவில் கைப்பையை முன்னால் பிடிக்க வேண்டும். கோபுரத்தடியில் பாத்ரூமுக்குப் பெரிய வரிசை, ஆகையால் அதற்கு முதலே எங்காவது போய்விட வேண்டும். இப்படி ஒவ்வொரு தரமும் டீச்சர் ஏசுவார், நான் திருத்துவேன், ஐயா சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதைக்காத இரண்டு பேர் சேர்ந்து, ஒருவரை ஒருவர் சந்திக்காமல் இருப்பதற்கு இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்ததை நான் எங்கேயும் கண்டதில்லை. கொட்டாஞ்சேனையில் இது நடந்திருந்தால் முதல் நாளே யாராவது ஒருத்தி ஃபோனை எடுத்து மற்றவளைக் கிழித்திருப்பாள், விஷயம் முடிந்திருக்கும்.

விசாவும் கிடைத்து, பயணத்துக்குக் கிட்ட, ஒரு சனிக்கிழமை, கடைசித் திருத்தம் வந்தது. டீச்சர் அதை என் கடையில் நின்றபடி வாசித்தார். வழக்கமாகச் சிவப்புப் பேனை தானாக வெளியே வரும். அன்று வரவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, என் கதிரையிலேயே இருந்துவிட்டார்.

"மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை போட்டிருக்கிறாள்."

எட்டிப் பார்த்தேன். தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. தோசை நல்லாயிருக்கும், உறைப்புக் குறைக்கச் சொல்லவும் என்றும் எழுதியிருந்தது.

"நல்லதுதானே டீச்சர்."

"என்ன நல்லது? கூடப்பிறந்தவள் பாரிசுக்கு வாறன், என்னைக் கடையிலை சாப்பிடட்டாம். இவ்வளவு எழுதினவளுக்கு வீட்டை வாங்கோ எண்டு ஒரு சொல்லு எழுத ஏலாமல் போச்சே?"

எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "டீச்சர், நீங்கதானே அவங்க வீட்டுக்குப் போகவே மாட்டேன்னு நிக்கிறீங்க!"

"அதை நான் சொல்லலாம். அவள் சொல்லலாமோ?"

"சரி, அவங்க கொழும்புக்கு வந்த நேரம் நீங்க வாங்கன்னு கூப்பிட்டீங்களா?"

"அக்காவின்ர வீட்டுக்கு வரத் தங்கச்சியைக் கூப்பிடவேணுமோ? கொமட்டே போட்டு வைச்சனான்!"

"கொமட் போட்டது அவங்களுக்குத் தெரியுமா?"

டீச்சர் குடையை என் மேசையில் சாய்த்து வைத்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார். ஐயா கலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆரும் சொல்லேல்லை, நேசம்" என்றார்.

கணக்கு டீச்சர் ஒருவர் தன் விடை பிழைத்துப்போனதைக் காண்பது பார்க்கக் கூடாத காட்சி. எனக்கே பாவமாக இருந்தது. டீச்சர் தாளைத் தள்ளிவைத்தார். பிறகு கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, "இதிலை அவளை எப்பிடி எடுக்கிறது?" என்று கேட்டார். நான் அழுத்திக் கொடுத்தேன். ஸ்பீக்கரை நிறுத்த அவருக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஹலோ, அக்காவோ?" என்று ஒரு குரல் பயந்து பயந்து வந்தது.

"தவம், மத்தியானச் சாப்பாடு பிழை" என்றார் டீச்சர்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு தங்கையோடு கதைத்த முதல் சொல் அதுதான். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"என்னக்கா பிழை? அது நல்ல கடை."

"கடையிலை சாப்பிடவோ நான் பாரிசுக்கு வாறன்?"

"நீங்கள் வீட்டை வரமாட்டியள் எண்டு ஆரணி சொன்னவள்."

"நீ கூப்பிட்டனியே?"

"நீங்கள் அண்டைக்குக் கூப்பிட்டனியளோ?" குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு கிழமையும் அந்த ஹோட்டலிலை ஃபோனை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தனான். அக்கா எடுப்பா, அக்கா எடுப்பா எண்டு. யானை பாக்கப் போன இடத்திலையும் ஃபோனைத்தான் பாத்தனான். ஹோட்டலிலை நிண்டதுக்குக் கோவமாக்கும், படியேற விடமாட்டா எண்டு நினைச்சிட்டன்."

அந்த நேரம் பார்த்து ஒரு பெடியன் உள்ளே வந்து, "அய்யே, கொப்பி தெகக்" என்று சிங்களத்தில் இரண்டு கொப்பி கேட்டான். மூன்று பேரும் திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டு கொப்பியையும் மறந்து போய்விட்டான்.

"உன்ர பிள்ளையளுக்கெண்டு கொமட் போட்டனான்" என்றார் டீச்சர். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"என்னது?"

"கொமட். நிலத்தை உடைச்சுப் போட்டது. கீழ் வீட்டுக்காரரோடை சண்டையும் பிடிச்சு."

அந்தப் பக்கத்தில் அழுகைச் சத்தமா சிரிப்புச் சத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு தவம் சொன்னார்: "அக்கா, நான் அந்தச் செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறன். உங்கடை திட்டம் வந்த அண்டைக்கே போட்டிட்டன். வருவியள் எண்டு இல்லை. ஒருவேளை வந்தாலும் எண்டுதான். பாத்ரூமிலை பிடிச்சு எழும்பக் கம்பி ஒண்டும் பூட்டினனான், உங்கடை முழங்காலுக்கு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். திரும்பவும் கழற்றினார். ஐயா இருமினார், இந்த முறை யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் பூட்டினனீ?"

"வலப்பக்கம்."

"எனக்கு நோகிறது இடது."

"அதுக்கென்னக்கா? கழட்டி மற்றப் பக்கம் பூட்டுறன்."

ஃபோனை வைத்தபின் டீச்சர் சிவப்புப் பேனையை எடுத்து அந்தத் தாளில் மேலிருந்து கீழாக வெட்டத் தொடங்கினார். கோபுரம் போனது, படகு போனது, மலைக் கோயில் கம்பி ரயிலோடு போனது. நோட்ரடாமுக்கு வந்ததும் பேனை நின்றது.

"இது ஆர் போட்டது?"

"நான்தான் டீச்சர். யோசெப்பினுக்கு ஒரு மெழுகுதிரி."

"இருக்கட்டும்" என்றார். "தவத்தையும் கூட்டிக்கொண்டு போறன்."

அன்று பின்னேரம் ஐயா மறந்துபோன குடையை எடுக்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஹியூபேட், இனி நான்தான் மற்றப் பாத்ரூமுக்குப் போகவேணும் போல கிடக்கு" என்றார்.