பூ வைத்துப் பார்க்க வந்த பந்தாட்டக்காரன்

நெடுந்தீவில் எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் மாலை கட்டப் போவேன். அங்கேதான் நான் அவனைக் கண்டனான். நெடிய பொடியன், முழங்காலுக்குக் கீழே முழுக்கத் தழும்பு. அருச்சனைத் தட்டிலிருந்து தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, ஒன்று உருண்டு வந்தால் அவனை அறியாமலே கால் போய் அதை நிறுத்திவிடும். பிறகு பதறிப்போய் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

அவனைத் தங்கள் உதைபந்தாட்ட அணிக்கு எடுக்க யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடமும் கொழும்பில் ஒன்றும் விடுதியோடு இடம் தருவதாகக் கேட்டபடி இருந்தன. மாதக்கணக்காய் முடிவு சொல்லாமல் இழுத்தான். கடைசியில் சுவாமியிடம் பூ வைத்துப் பார்க்க வந்தான். யாழ்ப்பாணத்துக்கு வெள்ளை, கொழும்புக்குச் சிவப்பு. இலையில் சுற்றி வைத்து, நான்தான் ஒன்றை எடுத்தேன். வெள்ளை வந்தது.

"இன்னொருக்கா பாப்பம், அன்ரி."

சிவப்பு வந்தது.

"இன்னொருக்கா."

"பிள்ளையாரோடையும் விளையாடுறியோ? விசில் ஊதியாச்சடா!" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "அம்மாவுக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் விளங்காது, அன்ரி. தூக்கி இருத்த நான் மட்டும்தான். இஞ்சையே நில் எண்டு சொல்ல ஒரு பூ வைக்கேல்லையே."

மூன்றாவது பூ வைக்க எனக்குக் கை வரவில்லை. எங்கள் தீவுப் பிள்ளை பெரிய இடத்தில் விளையாடவேணும் என்ற ஆசை. "யாழ்ப்பாணத்துக்குப் போ. அம்மாவை நாங்கள் பாப்பம்" என்றேன்.

போனான். நாங்களும் முறை வைத்துப் பார்த்தோம். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத ஒரு நாளில் அந்த மனிசி கண்ணை மூடிவிட்டா. அவன் அக்கரையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் பின்னேரம்வரை நின்றானாம்.

செத்தவீட்டில் என் கையைப் பிடித்தான். "நீங்கள் சொன்னபடியாத்தான் அன்ரி, நம்பிப் போனனான்."

குறையாய்ச் சொன்ன மாதிரி இல்லை. கும்பிட நிற்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது.