இருமல் இருந்த இடம்

கன்னியாகுமரி மாவட்டம் என்று ஒரு பெயரே வராத காலம் அது. எங்கள் ஊர்களெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு நான் மருமகளாகப் போயிருந்தேன். வீட்டில் மாமியார், நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் கணவர், கணவருடைய அண்ணன் மனைவி, நான், என் மகன். மகன் அப்போதுதான் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தான்.

கணவரின் அண்ணன் காசநோயில் போனவர். நான் அந்த வீட்டுக்கு வரும் முன்பே அது நடந்துவிட்டது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டாள். என் பிரசவத்துக்குப் பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டியது, கால் நீவிவிட்டது எல்லாம் அவள்தான்.

அந்த வருடம் ஆவணியில் கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்த கையோடு எனக்கு இருமல் பிடித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. வறட்டு இருமல். படுத்தால் வரும், தலையைத் திருப்பினால் வரும், பிள்ளைக்குப் பால் கொடுக்கக் குனிந்தால் நிற்காமல் வரும். சுக்கு, மிளகு, ஆடாதோடை எல்லாம் பார்த்தாயிற்று. மாமியாரின் முகம் நாளுக்கு நாள் இருண்டுகொண்டு வந்தது.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கணவர் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். ஆனால் மாமியாருக்கு அது போதவில்லை.

"மூத்தவனுக்கும் முதல்ல ஒண்ணும் இல்லேன்னுதான் சொன்னாவ" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு ஆகாது மக்கா. கொஞ்ச நாள் உனக்க அண்ணன் வீட்டுல போய் இரு. இவன நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் அழுதுகொண்டு சொன்னாள். ஒரு மகனைத் தூக்கிக் கொடுத்தவளிடம் நான் என்ன பேசுவது? கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பால் மறக்காத பிள்ளை. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. தோவாளையிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வரச்சொல்லி, அதை என் மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினாள் அக்கா. பால் வற்றுவதற்கு அப்படிச் செய்வார்கள். எனக்கும் அந்த நெஞ்சுத் தீனம்தான் என்று எல்லாரும் பயந்து ஒதுங்கிய சமயத்தில், புருஷனை அதற்குப் பறிகொடுத்து எல்லாரையும்விடப் பயப்படவேண்டிய அவள் கைதான் என் மேல் பட்டது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. என் பிள்ளையை எடுத்துக்கொள்ளப்போகிறாள் என்று மட்டும்தான் தோன்றியது.

அண்ணனுக்குக் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தில் வேலை. அங்கே பின்பக்கம் ஒரு அறை, தனித் தட்டு, தனி டம்ளர். அண்ணன் மனைவி, என் மைனி, நல்லவள். வாசலில் நின்று என்னோடு பேசிக்கொண்டே இருப்பாள். உள்ளே வரமாட்டாள். அவளும் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எந்த வீட்டிலாவது பிள்ளை அழுதால் என் ரவிக்கை நனைந்துவிடும். பால் நின்றுபோன பிறகும்கூட அழுகைச் சத்தம் கேட்டால் கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வருவார். பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்பேன். "நல்லாத்தான் இருக்கான்" என்பார். ஆண்களுக்கு அதற்குமேல் சொல்லத் தெரியாது. நடக்கிறானா, பேசுகிறானா, எத்தனை பல் வந்திருக்கிறது, ராத்திரி யாரிடம் படுக்கிறான் என்று நான் கேட்டுக்கொண்டே போனால், அடுத்த வாரம் பார்த்து வந்து சொல்கிறேன் என்பார்.

மார்கழியில் ஒரு நாள் அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் நடையில் நின்றேன். அவர்கள் கீழே பாதையில், ரப்பர் மரத்தடியில் நின்றார்கள். அக்கா இடுப்பில் என் மகன். தலைநிறைய முடி வளர்ந்திருந்தது.

"அன்னா பாரு, அம்மை நிக்கா பாரு" என்று அக்கா கையை நீட்டிக் காட்டினாள்.

அவன் என்னைப் பார்த்தான். பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. விடாமல் வந்தது. பிள்ளை பயந்து அக்கா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மை, அம்மை" என்று அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். பேசத் தொடங்கியிருக்கிறான் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மாசி மாதம் மைனியை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப்போனார் அண்ணன். துணைக்கு நானும் போனேன். தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்த லேடி டாக்டர் என் இருமலைக் கேட்டு வெளியே வந்தார். எங்கள் பக்கத்துக்காரர்தான், நடுத்தர வயது.

"எத்தனை நாளாட்டு இருக்கு இது?"

சொன்னேன். உள்ளே கூப்பிட்டு நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். தொண்டையைப் பார்த்தார். "வேற எங்கயாவது வலி, கடுப்பு, அரிப்பு உண்டா?" என்றார். இடது செவி அப்பப்போ அரிக்கும் என்றேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இருமலுக்கும் செவிக்கும் என்ன சம்பந்தம்?

வலது காதில் சின்னப் புனல் போன்ற ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. இடது காதில் அதை வைத்ததுமே இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. எடுத்தார், அடங்கியது. மறுபடி வைத்தார், மறுபடி இருமல். டாக்டர் நர்சிடம் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பெரிய ஊசிக்குழல் ஒன்றால் காதுக்குள் தண்ணீரை அடித்துக் கழுவினார். இருமி இருமி எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசியில், கீழே பிடித்திருந்த தட்டில் அழுக்கோடு சேர்ந்து என்னவோ விழுந்தது. டாக்டர் அதைப் பஞ்சில் எடுத்துத் துடைத்துக் காட்டினார்.

ஒரு நெல் உமி. அதன் முனையில் மீசைபோல ஒரு வால்.

அப்போதுதான் நினைவு வந்தது. களத்தில் நெல் தூற்றிய அன்று எங்கள் ஊர்க் காற்றில் பதர் முகத்தில் வந்து அடித்ததும், காதில் என்னவோ போனதென்று எண்ணெய் விட்டதும்.

சுவரில் காதின் படம் ஒன்று தொங்கியது. டாக்டர் என்னை அதன் முன்னால் நிறுத்தினார். வெளியே மடல், உள்ளே போகும் குழல், குழலின் முடிவில் செவிப்பறை, அதற்கு அப்பால் மூன்று குட்டி எலும்புகள், நத்தை ஓடு மாதிரி ஒன்று. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார்.

"கேக்குகதுக்கு உள்ள நரம்பு வேற. இது வேற ஒண்ணு. தலையிலேருந்து ஒரு பெரிய நரம்பு தொண்டை, நெஞ்சு, வயிறுன்னு கீழ இறங்கிப் போகும். அதுக்க சின்னக் கிளை ஒண்ணு இந்தச் செவிக்குழலுக்கும் வரும். சிலபேருக்கு இங்க தொட்டா, தொண்டையில என்னமோ கிடக்குன்னு மூளை நினைச்சுக்கிடும். அதான் இருமல். உனக்க நெஞ்சில ஒண்ணும் இல்ல பிள்ளே."

அவர் சொன்னதில் பாதி அன்றைக்கு எனக்கு ஏறவில்லை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"பிள்ளைய எடுக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். "இன்னைக்கே எடுக்கலாம்" என்றார்.

மைனியை வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் அண்ணன் என்னை பஸ்ஸில் கூட்டிப்போனார். வழியெல்லாம் நான் இருமவில்லை. இருமிவிடுவேனோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மாமியார் நம்பவில்லை. "செவியில உமி கிடந்தா இருமல் வருமா? இன்னும் ஒரு மாசம் போகட்டும்" என்றாள். அக்கா பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"இங்க இரி. இருமல் வருதான்னு நான் கேக்கேன்" என்றாள் என்னிடம்.

என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். படுக்கச் சொன்னாள், படுத்தேன். குனியச் சொன்னாள், குனிந்தேன். அந்தி விளக்கு வைக்கும் வரை அவள் நகரவில்லை. பிள்ளை தூரத்தில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் எழுந்து போய் அவனைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள்.

"மாமி, இவளுக்கு ஒண்ணும் இல்ல. அவருக்க இருமலை ரெண்டு வருசம் கேட்டவ நான். எனக்குத் தெரியும்."

பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு அலறினான். அவள் திரும்பிப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டு நானும் அங்கே போனேன். அவள் வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ வரணும்னுதான் பிள்ளே நேர்ந்துக்கிட்டேன்" என்றாள். "வந்துடக் கூடாதேன்னும் நினைச்சேன். ரெண்டும் நான்தான்."

பிள்ளையை அவள் தோளுக்கு மாற்றினேன். அழுகை நின்றது. அன்றைக்குப் பிறகும் அவனுக்கு அவள்தான் அம்மை. நாளாக ஆக என்னையும் அப்படிக் கூப்பிட்டான். ஆனால் காய்ச்சலில் பிதற்றும்போது அவன் கூப்பிட்டது என்னை அல்ல என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த நேரங்களில் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். அவள் காலமானபோது கொள்ளி வைத்ததும் அவன்தான்.

அவன் முதலில் சுவரை விட்டு நடந்த நாளை நான் பார்க்கவில்லை. அக்கா இருந்தவரைக்கும், வேலை ஓய்ந்த பொழுதுகளில், அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளிடம் கேட்பேன். எங்கிருந்து எங்கே நடந்தான், எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தான், விழுந்ததும் சிரித்தானா அழுதானா என்று முதல் தடவை சொல்வதுபோலவே ஒவ்வொரு தடவையும் சொல்வாள். கண்ணால் காணாததை எத்தனை கேட்டாலும் ஏக்கம் தீருவதில்லை. ஆனால் தனக்குக் கிடைத்ததில் ஒன்றையும் ஒளிக்காமல் எனக்கும் பங்கு வைத்த ஒருத்தி இருந்தாள் என்ற நினைப்பில்தான் அந்த ஏக்கத்தை இத்தனை வருடமும் கசப்பில்லாமல் சுமந்து வருகிறேன்.