மூன்றாவது ஆள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளுக்கு இஸ்திரி போடும் மெஷின் முன்னால் நாள் முழுக்க நின்று நின்று அவள் கால் வீங்கிப்போயிருந்தது. அங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று திட்டம் போடுகிற வேலை. அந்த நாற்காலி காலியாகப்போகிறது, வேலை நிர்வாகம் படித்ததாக ஒரு சான்றிதழை மாதக் கடைசிக்குள் காட்டினால் உனக்கே தருகிறேன் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

இணையத்தில் அந்தப் படிப்பு இலவசம். உலகம் பூராவும் லட்சக்கணக்கில் சேர்ந்திருந்தார்கள். சேருவதற்கென்ன, விரலால் ஒரு தட்டு தட்டினால் போதுமே! போகப் போக ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டார்கள். இவள் மட்டும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும், அடுப்படியில் நின்றுகொண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பாடம் வரை வந்துவிட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. கடைசிக் கட்டுரையை ஆசிரியர் திருத்தமாட்டாராம். இத்தனை பேருக்கு அவர் எங்கே போவார், பாவம்! கூடப் படிப்பவர்கள் மூன்று பேர் மதிப்பெண் போடவேண்டும். எங்கெங்கோ இருந்து இரண்டு பேர் போட்டார்கள். ஒருவர் வாரி வழங்கியிருந்தார், இன்னொருவர் கிள்ளிக் கொடுத்திருந்தார். மூன்றாவது ஆளைக் காணோம். 'யாராவது இருக்கீங்களா?' என்று அவள் வகுப்புப் பக்கத்தில் எழுதியதற்குக் கீழே, அவளே மறுபடி எழுதியதுதான் இருந்தது.

வேறு வழியில்லாமல் புருஷனையே படிப்பில் சேர்த்துவிட்டாள். மனுஷன் பஸ் டிக்கெட் செக்கர். டிக்கெட் எடுக்காத சொந்த மச்சானையே பாதி வழியில் இறக்கிவிட்டவர். போயும் போயும் அவரையா பிடித்தாய் என்று தங்கைகூடத் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் பாடம் பார்த்தார், கொட்டாவி விட்டார், டிப்போவைப் பற்றி ஏதோ எழுதியும் கொடுத்தார். எழுதிக் கொடுத்தவர்தான் அடுத்தவருடையதைத் திருத்தலாம். ஒரு லீவு நாள் மத்தியானம் அவள் கட்டுரை அவர் திரைக்கு வந்தது.

பல பேர் இருக்கும் இடத்தில் வேலையை எப்படிப் பிரிப்பீர்கள் என்பது கேள்வி. அவள் தன் வீட்டை எடுத்திருந்தாள். சமையல், துணி, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மாமியாருக்கு மருந்து, எல்லாவற்றுக்கும் நேராக 'நான்'. புதிதாகப் பிரித்துக் காட்டவேண்டிய இடத்திலும் அதே 'நான்'. எழுதிய அன்று அவ்வளவு அலுப்பு. வேறு யாரைப் போட்டாலும் பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் வரி விடாமல் படித்தார். கடைசியில், வேலை பிரிக்கப்பட்டிருக்கிறதா, ஆமா இல்லையா என்று கேட்ட இடத்தில் நின்றுவிட்டார்.

"இதுல நீ எதையுமே பிரிக்கலையே" என்றார்.

"யாருக்குங்க பிரிக்கறது?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. அவர் 'இல்லை' என்பதைத் தொட்டார். மூன்று பேர் போட்டதையும் கூட்டிப் பார்த்து, அவள் தேர்ச்சி பெறவில்லை என்று திரையில் வந்தது.

"இருக்கறதைத்தானே போட முடியும்" என்றார், அவளைப் பார்க்காமல்.

கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. கல்யாணமான நாளாக அந்த வீட்டில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளாததை இன்றைக்கு அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். அதற்காகச் சந்தோஷப்படக்கூட அவளிடம் தெம்பில்லை.

மாதம் பிறந்ததும் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாள்.