முதுகுக்கடியில் ஒரு கை

பேச்சியக்கா இறந்த செய்தியை என் மாமியார்தான் சொன்னார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பால் வாங்கப் போனவர் வெறும் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்து, "மெத்தைக்கார அக்கா போயிருச்சாம்" என்றார். ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு அடுத்த பஸ்சில் ஏறிவிட்டோம்.

போடியில் இலவம்பஞ்சு மெத்தைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேச்சியக்காவின் கடையில் காசை நீட்டியவுடன் மெத்தை கிடைக்காது என்பது இதைப் படிக்கிறவர்களில் அவரிடம் வாங்கியவர்களுக்குத் தெரியும். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உங்களில் இருப்பீர்கள். "செருப்பு வாங்கக் காலக் கொண்டு வர்றீக, மெத்த வாங்க முதுகக் கொண்டு வர மாட்டீகளா?" என்பார். படுக்கப் போகிறவரையே படுக்க வைத்து, இடுப்புக்கடியில் கையை விட்டுப் பார்ப்பார். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை கெட்டி. நுழையவே இடமில்லை என்றால் உடம்பு உள்ளே அமுங்குகிறது. கொஞ்சம் நெருக்கிப் போய் வந்தால் அதைக் கட்டச் சொல்வார். ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத் தோள் பதிகிற அளவு இளக்கம் வேண்டும் என்று அதையும் கேட்டுக்கொள்வார். ஆண்கள் வந்தால் அவர் வீட்டுக்காரர் இதே சோதனையைச் செய்வார்.

இன்று இதை நிதானமாக எழுதுகிறேன். அவரை முதன்முதலில் பார்த்த அன்று, இந்தப் பொம்பளை நாசமாகப் போகட்டும் என்று மனதுக்குள் சபித்தேன்.

எங்கள் பக்கம் கல்யாணச் சீரில் மெத்தை எவ்வளவு உயரமோ அவ்வளவு கௌரவம். முக்காலி போட்டு ஏறுகிற மாதிரி பஞ்சைத் திணித்து வாங்குவார்கள். அதில் தூக்கம் வருமா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எனக்கு நிச்சயமானதும் இரண்டு வீட்டாரும் சேர்ந்து மெத்தை எடுக்கப் போனோம். குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலக்காட்டில் பதினாலு வயதில் ஈரப்பாறையில் வழுக்கி விழுந்தவள் நான். மெத்தென்ற படுக்கையில் படுத்தால் எழுந்திருக்க முடியாது, தரையில் பாய்தான். இது தெரிந்து ஏற்கனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. "தாலி ஏறுற வரைக்கும் மூச்சு விடாத" என்று அப்பா சொல்லியிருந்தார்.

அத்தை, அதாவது இன்றைய என் மாமியார், கடையிலேயே உயரமான மெத்தையைக் கைகாட்டினார். "பொண்ண ஒருதரம் படுக்கச் சொல்லுங்க மதினி" என்றார் பேச்சியக்கா.

"அதெல்லாம் எதுக்கு? வெரசாக் கட்டுங்க, ஜீப்பு நிக்கிது" என்றார் அப்பா.

"படுத்துப் பாக்கட்டுமே" என்றார் அத்தை.

ஆண்கள் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். படுத்தேன். உடம்பு அமுங்க அமுங்க வலி ஏறியது, பல்லைக் கடித்துக்கொண்டேன். முதுகுக்கடியில் நுழைந்த கை ஓரிடத்தில் நின்றது. பேச்சியக்கா குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எப்ப விழுந்த?" என்றார்.

"சொல்லிராதீக அக்கா."

அவர் நிமிர்ந்தார். "இது இந்தப் புள்ளைக்கு ஆகாது மதினி."

"ஏன் ஆகாது? என் வீட்டுக்கு வர்றவளுக்கு ஒசரமாத்தான் வேணும்."

"காரணம் அது வாயாலதான் வரணும், நான் சொல்ல மாட்டேன். இத விக்கவும் மாட்டேன்."

அப்பா பாய்ந்து வந்தார். "வேற கடையா இல்ல? எந்திரிம்மா" என்றார். எழுந்திருந்தால் தப்பித்திருப்பேன். எழ முடியவில்லை. புரண்டு, கையை ஊன்றி, அப்படியும் பாதியில் நின்றுவிட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"முதுகுல அடிபட்டிருக்கு அத்தை. மெத்தையில படுத்தா எந்திரிக்க முடியாது."

அத்தை வெளியே போய், ஜீப்புக்குப் பக்கத்தில் மாமனாரோடு பேசிக்கொண்டு நின்றார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சியக்கா கோணி ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தார், கோக்கவே முடியவில்லை.

அத்தை திரும்பி வந்தார். "அப்ப எதுல படுப்பா? அதக் காட்டுங்க" என்றார்.

அடியில் தேங்காய்நார் பலகை, மேலே நாலு விரல் உயரத்துக்கு இறுக்கி அடைத்த இலவம்பஞ்சு. அந்தச் சப்பை மெத்தைதான் சீரில் போனது. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான் தூங்கினேன்.

சில வருடங்கள் கழித்து அவரிடமே சண்டைக்குப் போனேன். "அன்னைக்குக் கல்யாணம் நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

"நின்னுதான் இருக்கும். ஒங்கப்பன் என் கடைய ஒடச்சிருப்பான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சொன்னதுக்கப்புறம் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல ஆத்தா. ஆனா நீ ஒரு நாளா ரெண்டு நாளா படுக்கப் போற? ஆயுசுக்கும்ல" என்றார்.

என் வாழ்க்கையைப் பணயம் வைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது என்ற கோபம் எனக்கு முழுதாகப் போய்விடவில்லை. அவர் இல்லாத இந்த வாரம் அந்தக் கோபத்தோடுதான் அழுதேன்.

அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டில் என் வயதுக்காரி நாற்காலி கேட்டால் திமிர் என்பார்கள். கொஞ்ச நேரத்திலேயே முதுகு பிடித்துக்கொண்டது. பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் பேச்சியக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: வலித்தால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது.

"என்னால தரையில உக்கார முடியாது. ஒரு சேரு போடுங்க" என்றேன்.

பல தலைகள் திரும்பின. இத்தனை வருடமும் எல்லாச் சாவு வீட்டிலும் தரையில் உட்கார்ந்து எழுந்த என் மாமியார், என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் ஒண்ணு கொண்டாரச் சொல்லு. முப்பது வருசமா இடுப்பு முடியல, யார்ட்டச் சொன்னேன்?"