மேல்வீட்டு வாசனை

எனக்கு எட்டு வயதில் எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். அம்மா வியத்நாம்காரி. சைகோனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த அப்பா அவளை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, வியத்நாம் சண்டை முடிந்த வருடம் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குத் திரும்பினார். முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் குடியிருந்தோம். தெருவில் எங்களுக்குச் சைகோன்காரர்கள் என்று பெயர். அப்பா பிறந்த வீடு அங்கிருந்து மூன்று தெரு தள்ளித்தான் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

வந்த புதிதில் அம்மா கேட்ட முதல் கேள்வி, ஆறு எங்கே என்பது. கப்பல் வரும் ஊர் என்றால், சைகோன்போல, ஊர் நடுவில் ஆறு ஓட வேண்டும் அவளுக்கு. அப்பா எங்களைத் தேங்காய்த்திட்டுப் பக்கம் அழைத்துப்போய் அரியாங்குப்பத்து ஆறு கடலில் கலக்கும் இடத்தைக் காட்டினார். நாலைந்து படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "சின்ன ஆறு, பரவாயில்லை" என்றாள், அதற்கு ஆறுதல் சொல்வதுபோல.

அப்பா மில்லுக்குப் போய்விட்டால் அவளுக்கு நான்தான் வாய். தமிழ் எனக்கு விளையாடப் போன இடத்தில் ஒட்டிக்கொண்டது. யாராவது பேசினால் அம்மா தலையாட்டுவாள். பிறகு என் முகத்தைப் பார்ப்பாள்.

அவள் மொட்டைமாடியில் ஒரு ஜாடியில் நெத்திலியையும் உப்பையும் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்திருந்தாள். அதிலிருந்து இறங்கும் சாறு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஜாடியைத் திறந்த நாள் வெள்ளிக்கிழமையாகப் போயிற்று. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா தலைக்குக் குளித்த ஈரத்தோடு படியேறி வந்தார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா இந்த நாத்தத்த வச்சிக்கினு நான் எப்பிடி வௌக்கு ஏத்துறது? ஆடிக்குள்ள வேற வீடு பாத்துக்கச் சொல்லு உங்கப்பாகிட்ட. உங்கம்மாகிட்டயும் சொல்லிடு."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஏற்கெனவே ஒரு வீடு மாறியிருந்தோம். அன்று அவள் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருந்தேன். "மேலேயிருந்து நல்ல வாசனை வருதாம். என்ன சமையல்னு கேக்கறாங்க" என்று அவள் மொழியில் சொன்னேன்.

அம்மா சிரித்து, இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டாள். வீட்டுக்காரம்மா குழம்பிப்போய் இறங்கிவிட்டார்.

"நாத்தம், நாத்தம் என்றார்களே, அது என்ன?" என்று அம்மா கேட்டாள்.

"வாசனை" என்றேன்.

அப்பாவிடம் நான் மூச்சுவிடவில்லை. ஆடி பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பளம்போல மெல்லிய அரிசித்தாளில் இறாலைச் சுருட்டிப் பொரித்து, ஒரு தட்டு நிறையக் கீழே கொடுத்தனுப்பினாள். தட்டை நான் நீட்டியபோது வீட்டுக்காரம்மா வாங்குவதா வேண்டாமா என்று நின்றார். அவர் கணவர் எட்டி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டுக்காரம்மாவால் மறுக்க முடியவில்லை. தட்டை வெறுமையாகத் திருப்பித் தர மனமில்லாமல், அதில் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பை வைத்துக் கொடுத்தார்.

அம்மா கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். நன்றி சொல்ல வேண்டும் என்று, என்னைக் கூப்பிடாமலேயே படியிறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். கடலூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர்கள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று அம்மா ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்:

"அக்கா. கொழம்பு. ரொம்ப நல்ல நாத்தம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. வீட்டுக்காரம்மா அம்மாவைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் சொன்னத நீ என்னான்னுடி சொன்ன?"

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். விஷயம் புரிந்து அவர் முகம் மெல்ல மாறியது. கடலூர்க்காரர் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறிவிட்டது.

"கருவாடுன்னா அப்பிடித்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்காரம்மா கடைசியில், கொஞ்சம் தாழ்ந்த குரலில். "நிக்கிறாங்க பாரு. உங்கம்மாவ உக்காரச் சொல்லு. ஒரு வாய் சாப்ட்டுப் போவட்டும்."

ஆடி வந்தது, போனது. வீடு மாறும் பேச்சு எழவில்லை. ஜாடியைத் திறக்கிற நாள் மட்டும் வெள்ளியிலிருந்து புதனுக்கு மாறியது. அதை யார் யாரிடம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்துக் குருசுக்குப்பத்து மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினார். அம்மா ஒரு மீனின் செவுளைத் தூக்கி முகர்ந்து, "நாத்தம்" என்று திருப்பிப் போட்டாள். என் பொய் மீன் கூடைவரை வந்துவிட்டதே என்று பதறி, "அம்மா தெரியாம சொல்றாங்க" என்றேன்.

மீன்காரம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தெரியாமயா? நீங்க வந்த நாளா எங்கிட்ட இத சொல்லித்தான் மீன திருப்புது உங்கம்மா."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுத்த மீனை எடுத்து, கண் தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தாள். "அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"நீதானே சொன்னாய், வாசனை என்று" என்றாள்.

வீட்டுக்காரம்மா அன்று நாத்தம் என்று திட்டியது அவளுக்குப் புரிந்திருந்தது என்பதும், தெரிந்தேதான் இறால் உரித்துச் சுருட்டினாள் என்பதும், என்னைப் பொய்க்காரி ஆக்காமல் விட்டாள் என்பதும் என் மூளைக்கு எட்டப் பல வருடங்கள் ஆயின. அன்றைக்கு எனக்குப் புரிந்ததெல்லாம், நான் அம்மாவிடம் மாட்டிக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான்.