கூடுதலாகச் சேர்த்த பாட்டு

மர்பி டவுனில் யாருக்காவது ஊசி போட வேண்டுமென்றாலும் படுக்கைப்புண் கழுவ வேண்டுமென்றாலும் பிரிஜெட்டைத்தான் கூப்பிடுவார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போவாள், வேலையை முடிப்பாள், காபி கொடுத்தால் குடிப்பாள். ஆறுதல் மட்டும் சொல்லமாட்டாள். "அழறதுக்கு சொந்தக்காரங்க இருக்காங்க. நான் எதுக்கு?"

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஹெர்பர்ட் மனைவியை இழந்த பிறகு அக்காள் வீட்டோடு வந்துவிட்டான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு கேசட். 1991-ல் தொழிற்சாலையில் போனஸ் வந்த அன்றைக்கே பிரிகேட் ரோட்டில் வாங்கிய கேசட் அது. தோள்வரை முடி வளர்த்த இங்கிலாந்துக்காரர்கள் நான்கு பேர் பாடிப் புகழ்பெற்ற ராக் பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு. ஹெர்பர்ட் தினமும் சாயங்காலம் அதைப் போடுவான்.

"டேய், தகர ஷெட்டு மேல தேங்கா விழற மாதிரி இருக்குடா."

"அது டிரம்ஸுக்கா. உனக்கு சர்ச்சு ஆர்மோனியம்தான் லாயக்கு."

இப்படியே பல வருஷம் போனது. 2003-ல் ஹெர்பர்ட்டுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பிழைத்தது, இடது கால் பிழைக்கவில்லை.

அந்த வீட்டில் கக்கூஸ் பின்கட்டைத் தாண்டி முற்றத்தின் கோடியில் இருந்தது. தம்பியைத் தாங்கிக் கூட்டிப்போய் வந்தவளுக்குக் குடலிறக்கம் கண்டது. ஈஸ்டர் முடிந்ததும் ஆபரேஷன். அதன்பின் தண்ணீர்க்குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரிஜெட் விஷயத்தைத் தம்பியிடம் ஒளிக்கவில்லை.

"அதுக்குள்ள நீயே பாத்ரூம் போய் வந்தீன்னா இங்க இருப்ப. இல்லேன்னா சந்தாபுரா பக்கம் முதியோர் இல்லத்துல சொல்லி வெச்சிருக்கேன்."

"அங்க கேசட்டு போட விடுவாங்களா?"

"ஜெபமால கேசட்டு போடுவாங்க."

ஹெர்பர்ட் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நோயாளியைத் தூக்கக் கூடாது, எழவைக்க வேண்டும் என்பது பிரிஜெட்டின் தொழில்முறை. தம்பியின் இடுப்பில் துண்டைக் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிப் பார்த்தாள். "நான் இன்னா போலீஸ் டிரெய்னிங்கா?" என்று அவன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் சாயங்காலம் கேசட் ஓடும்போது அந்த முரண்டு பிடித்த கால் கட்டிலின் ஓரத்தில் மெல்லத் தட்டுவதைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து பாட்டுப் போட்டே நடக்கவைத்தாள். டிரம் அடி விழும்போது கால். அடுத்த அடிக்கு அடுத்த கால். பாட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை, அது செய்த வேலை பிடித்தது. ஹெர்பர்ட் அறையின் வாசற்படி வரை வந்தான். பின்கட்டு வரையும் வந்தான்.

அப்போதுதான் டேப் ரிக்கார்டர் கேசட்டைத் தின்றது. நாடா உள்ளே சுருண்டு துண்டுதுண்டானது. எலெக்ட்ரிக் கடையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அசோகன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இரண்டு நாளில் சிடி ஒன்று வாங்கிக்கொண்டு, தன் வீட்டு பிளேயரையும் தூக்கிக்கொண்டு வந்தான். அதே தொகுப்பைக் கம்பெனி மறுபடி வெளியிட்டிருந்தது. ஒலியைச் சுத்தம் செய்து, முன்பு இடம் கிடைக்காத மூன்று பாட்டுகளைக் கடைசியில் சேர்த்திருந்தார்கள்.

முதல் பாட்டு தொடங்கியதும் ஹெர்பர்ட் முகம் சுளித்தான்.

"இன்னாடா இது, கீச்சுனு கத்தறான்? கம்பெனிக்காரன் கெடுத்துட்டான்."

"இல்லண்ணா. உங்க செட்டுல டேப்ப ஓட்டற பெல்ட்டு தொளதொளன்னு ஆயிடுச்சு. அதான் பாட்டு இழுத்து இழுத்து ஓடியிருக்கு. இவங்க பாடினதே இந்த ஸ்பீடுதான்."

"பன்னெண்டு வருஷமா கேக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"பெல்ட்டு கொஞ்சம் கொஞ்சமாத்தானேண்ணா தொளதொளன்னு ஆவும்? கூடவே உங்க காதும் பழகிடுச்சு."

"உன் காதுல போய் பெல்ட்டப் போடு!"

"போதும் நிறுத்துங்கடா," என்றாள் பிரிஜெட். "எழுந்திரு. நட."

பாட்டு முன்னால் ஓடியது, கால் பின்னால் நின்றது. துரத்திப் பிடிக்க நினைத்து ஹெர்பர்ட் அவசரமாக ஓர் அடி வைத்தான், பாதம் மடிந்தது. துண்டை இழுத்து அவனைக் கட்டிலில் சாய்த்த பிரிஜெட் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"சந்தாபுராவுக்கே அனுப்பிடுக்கா."

"அத நான் சொல்லணும். நீ சொல்லாத."

பெல்ட்டா கம்பெனியா என்ற வழக்கில் அவளுக்கு அக்கறையில்லை. அசோகன் போன பிறகு சிடியை முழுவதும் ஓடவிட்டு, கீழே உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்தபடி ஒவ்வொரு பாட்டுக்கும் தன் காலைத் தரையில் தட்டிப் பார்த்தாள். அத்தனையும் வேகம். கடைசியில் சேர்த்த பாட்டுகளில் நடுவிலிருந்தது மட்டும் நிதானமாக, வயிறு நிறையச் சாப்பிட்டவன் நடப்பதுபோல நடந்தது.

"இது ஆவும்."

"எது? இதுவா?" ஹெர்பர்ட்டுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நல்லால்லன்னுதான்க்கா அவனே அப்ப சேக்கல. இது கழிச்சுப் போட்ட பாட்டு!"

"நீயும் நானும்கூட கழிச்சுப் போட்டதுதான்டா. எழுந்திரு."

எழுந்தான். முதல் அடி டிரம்மோடு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. "வார்த்தையே சரியில்ல," என்றான் வாசற்படியில். "கிட்டாரு தூங்குது," என்றான் பின்கட்டில். திட்டிக்கொண்டே போனதில் காலைப் பற்றி நினைக்க மறந்துவிட்டான். பிரிஜெட் முற்றத்தில் துண்டின் பிடியைத் தளர்த்தினாள், பிறகு விட்டேவிட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பிரிஜெட் வெளியே நின்று காத்திருந்தாள். தன் ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டிய துணிமணிகளை இனி எடுத்துவைக்கலாம் என்று தோன்றியது. வீட்டுக்குள் அந்தப் பாட்டு முடிந்து, அடுத்தது படபடவென்று ஆரம்பித்தது.

"அக்கா!" உள்ளேயிருந்து கத்தினான் ஹெர்பர்ட். "அத நிறுத்து! எப்படி நான் திரும்பி வர்றது?"

"எதப் போடணும்?"

உள்ளே குவளையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

"அந்தக் கழிச்சுப் போட்டதையே போடு."

அவள் வீட்டுக்குள் போய்ப் போட்டாள்.