சுகுமாரன், ரேவதி நட்சத்திரம்

ஆரியங்கோட்டில் பங்கஜாட்சி நடந்து பார்த்தவர்கள் யாரும் கிடையாது. எப்போதும் ஓட்டம்தான். விடிந்தால் ரப்பர் பாலை உறைய வைக்க ஓடுவாள். உறைந்ததை ரோலரில் கொடுத்து ஷீட் அடிக்க ஓடுவாள். அதைக் கொடியில் போட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஓடுவாள். அக்கம்பக்கத்து வீட்டு ரப்பர் பாலுக்கும் அவள்தான் கை. புருஷன் சோமனோ உட்கார்ந்த இடத்தில் வேர் விடுகிறவன். பூமிதான் சுற்றுகிறதே, நான் வேறு சுற்றணுமா என்று கேட்கிற மனுஷன். ஜோடி சேர்க்கும் நேரத்தில் கடவுள் கண்ணயர்ந்துவிடுகிறார் போலிருக்கிறது.

ரோலர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அவளுடைய வலது கட்டைவிரல் மரத்துப்போயிற்று. மகள் அம்பிளிக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில், மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருக்கும்போது, அம்மாவின் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

"வெரல இப்பிடி மேல இழுக்கணும், கீழ இழுக்கணும், பக்கத்துல தள்ளணும். இது வெளையாட்டு இல்ல அம்மா, மருந்தாக்கும்."

சிவப்பு நிக்கர் போட்ட ஒரு பையன் காட்டுவழியே ஓடுகிறான். பின்னால் ஒரு கரடி துரத்துகிறது. குழி வந்தால் அவனைத் துள்ள வைக்க வேண்டும், கிளை வந்தால் குனிய வைக்க வேண்டும். தவறினால் கரடி பிடித்துவிடும். அம்பிளி விரலுக்குக் கொடுத்த மருந்து நேரே போய் நெஞ்சில் பிடித்துக்கொண்டது.

முதல் தடவை கரடி பாய்ந்தபோது, "அய்யோ எனக்க பிள்ளே!" என்று பங்கஜாட்சி போட்ட கூச்சலில் சோமன்கூடக் கண்ணைத் திறந்தான். சாவு விழுந்த கையோடு அடுப்படிக்குப் போக முடியுமா? கிணற்றடிக்கு ஓடித் தலை முழுகினாள். திரும்பி வந்து பார்த்தால் பயல் மறுபடியும் நிற்கிறான், ஓடத் தயாராக. மறுபடியும் ஓட்டம், மறுபடியும் கரடி, மறுபடியும் கிணற்றடி. அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஜலதோஷம்.

மகளுக்குப் போன் போட்டாள். "ஏட்டி, இவன் எங்க போய்ச் சேருவான்?"

"எங்கயும் சேரமாட்டான் அம்மா. இதுக்கு முடிவு கெடையாது. சாவுகது வர ஓட்டமாக்கும்."

"வாயக் கழுவு! ஓடதுக்கு ஒரு பிள்ளைய விட்டவன், போய்ச் சேர ஒரு வீடு கெட்டாமலா விட்டிருப்பான்?"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். இந்தப் பையனை அவன் வீட்டு வாசலில் கொண்டு சேர்க்காமல் அவள் கை ஓயாது.

மறுநாள் பஸ் ஏறிப் பாறசாலையில் பரமசிவன் ஜோஸ்யர் முன்னால் போய் உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவர். "பொறந்த நேரம்?" என்று மட்டும் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை உச்சைக்கு. மரச்சீனி வெந்த நேரம்."

சோழியை உருட்டினார், பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "ரேவதி. மீன ராசி. ஏழரைச் சனி நடக்குது. லக்னம் சரராசி, அதனால பயலு இருந்த எடத்துல இருக்கமாட்டான். பின்னால வாறது கரடின்னா நெனச்ச? சனியாக்கும்!"

பங்கஜாட்சிக்குப் புல்லரித்துவிட்டது. "பரிகாரம் உண்டா ஜோஸ்யரே?"

"உண்டு. சிவன் கோயில்ல ஆயுசுக்கு மிருத்யுஞ்சய அர்ச்சனை செய்."

கோயில் கவுண்டரில் இருந்த ஷீனா பேனாவைத் தூக்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றாள். நட்சத்திரம் கையில் இருக்கிறது. பேருக்கு எங்கே போக? பெற்றவன் யாரென்றே தெரியாத பிள்ளை. திருதிருவென்று விழித்த பங்கஜாட்சியின் வாயில் எங்கிருந்தோ வந்து விழுந்தது, "சுகுமாரன்."

"ஒங்களுக்கு ஆரு?"

"பிள்ளையாட்டு வச்சுக்க."

பூசை செய்கிற போற்றி உள்ளே நின்று சுகுமாரன், ரேவதி நட்சத்திரம் என்று சொல்லிப் பூப்போட்டபோது அவள் கண் நிறைந்துவிட்டது. பிரசாதச் சந்தனத்தைப் போன் கண்ணாடியின் மூலையில் தொட்டு வைத்தாள். சாமி சத்தியம், அன்றைக்குப் பையன் பறந்தான்! குழியென்ன, கிளையென்ன, எல்லாம் அவனுக்குத் தூசு. ஆனால் ஒன்று, கரடியும் பறந்தது. முன்பு ஒரு முழம் தள்ளி வந்த சனியன் இப்போது பிடரியில் மூச்சு விட்டது. பையன் ஓட ஓட அதுவும் கொழுத்தது. கடைசியில் சுகுமாரனை அப்படியே அமுக்கிவிட்டது.

போனைத் தூக்கிக்கொண்டு மறுபடி பாறசாலைக்கு ஓடினாள். ஜோஸ்யர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மிருகம் எப்பம் வந்தது?"

"அவன்கூடத்தான் வந்தது."

"ஒரே நேரத்துலயா?"

"பின்ன? அது இல்லாம அவன் எதுக்கு ஓடுகான்?"

ஜோஸ்யர் முகம் வெளிறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். "சதிச்சிட்டியே பங்கஜாட்சி. ஒரே நேரம், ஒரே எடம். ரெண்டுக்கும் ஒரே ஜாதகமாக்கும். நீ அவனுக்குன்னு கொடுத்த ஆயுசுல பாதி கரடிக்கும்லா போயிருக்கு!"

"எனக்க கையாலயே கரடிக்குத் தீனி போட்டேனே, பாவி!" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள். "அப்பம் கரடிக்கு மட்டும் ஒரு கேடு வைக்கமுடியாதா?"

"வச்சா பயலும் கூடப் போவான். என்னால ஆகாது மக்கா. நீ வீட்டுக்குப் போ."

வீட்டுக்கு வந்தவள் முற்றத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே விரலை இழுத்தாள். விட்டாலும் சாவான், காப்பாற்றினாலும் சாவான். ஒரு தாய் என்னதான் செய்வாள்?

"எட்டி, கரஞ்சது போதும். இஞ்ச தா, என்ன சவம்னு நான் பாக்கட்டு." சோமன் கையை நீட்டிப் போனைப் பிடுங்கினான். அவனுடைய தடித்த பெருவிரல் திரையின் மூலையில் எங்கோ பதிந்தது.

சுகுமாரன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். கரடி வாயைப் பிளந்தபடி நின்றது.

"என்ன செய்தீரு ஓய்?"

"நான் ஒண்ணும் செய்யல்ல." அது சோமன் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்த உண்மை.

பாயும் பாயும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பாயவில்லை. "நிக்கான் ஓய்... அதும் நிக்குது. பாவம், அதுக்கும் எளைக்கும்லா." பிறகு குரல் தாழ்ந்தது. "வீடு சேரல்லியே."

"இப்பம் கடிக்காதுல்லா? அது போதும். இரிக்கட்டு."

போனைச் சார்ஜரில் குத்தி நாற்காலியில் வைத்தாள். யாரும் தொடக்கூடாது என்றாள். சொல்லிக்கொண்டே எழுந்து சேலையை இடுப்பில் சொருகினாள்.

"நீ எங்க ஓடுக?"

"பாலு ஒறஞ்சு கெடக்கு."

"கெடக்கட்டு. இரிட்டி."

உட்கார்ந்தாள். ஆனால் உட்காரத் தெரியவில்லை அவளுக்கு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி திண்ணை விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தாள். இந்த வித்தையில் ஆரியங்கோட்டுக்கே ஒரே விற்பன்னன் சோமன்தானே. "கால நீட்டு," என்றான். "முதுகச் சாய்ச்சுக்க. மூச்சு விடு. இவ்வளவு வேகமா விடாத."

காலை நீட்டினாள். எங்கிருந்துதான் அந்த அழுகை வந்ததோ, குலுங்கிக் குலுங்கி அழுதாள். "நான் எத்தன வருஷமா ஓடுகேன் ஓய்?"

சோமன் தலையைச் சொறிந்தான். மெதுவாக எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டகைக்குள் போய் ரோலர் முன்னால் நின்றான்.

"எட்டி பங்கி," என்று உள்ளிருந்து கேட்டான், "இந்த எழவ எந்தப் பக்கமாக்கும் சுத்துகது?"

அவள் எழவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்.